நரம்பு கரன்ட் டெஸ்ட், ஊசி டெஸ்ட்: யாரை, எப்போது அனுப்புவது? ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

#1 கொடுங்கையூர் ஜி.பி.

"கை மதமதன்னு இருக்கு." "பாதம் திகுதிகுன்னு எரியுது." "செருப்பு கழண்டு விழுந்தா கூட தெரியல." "படியேற முடியல, தொடையில பலமே இல்ல." வடசென்னையில் கிளினிக் நடத்துகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றையாவது கேட்காமல் நாளை முடிப்பதில்லை. நான்கு பேருக்கும் நாம் எழுதிக் கொடுப்பது ஒரே வரிதான்: நரம்பு டெஸ்ட். ரிப்போர்ட் வந்ததும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரி முடிவை மட்டும் படித்துவிட்டு மாத்திரை எழுதுகிறோம். மற்ற பக்கங்களில் இருக்கிற எண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

டெஸ்ட் எடுப்பவர்கள், ரிப்போர்ட் எழுதுபவர்கள், அனுப்புபவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். இந்த டெஸ்ட் உண்மையில் எதை அளக்கிறது? யாரை எப்போது அனுப்ப வேண்டும்? ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் எடுத்தால் இரண்டு விதமாக வருவது ஏன்? விவரமாகப் பேசலாம்.

#2 வண்ணை டெக்னீஷியன்

டாக்டர், எடுக்கிற பக்கத்திலிருந்து நான் தொடங்குகிறேன். மக்கள் ஒன்று என்று நினைப்பது இரண்டு டெஸ்ட். முதலாவது நரம்புக் கடத்தல் சோதனை, என்.சி.எஸ். தோலுக்கு மேலேயே கரன்ட் கொடுத்துப் பார்ப்பது. இரண்டாவது இ.எம்.ஜி. தசைக்குள் மெல்லிய ஊசியை விட்டு அங்கே ஓடுகிற மின்சாரத்தைக் கேட்பது. சீட்டில் "இ.எம்.ஜி." என்று மட்டும் எழுதி அனுப்பினாலும் பல இடங்களில் முதல் டெஸ்ட்டை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ரிப்போர்ட் கையில் வந்ததும் ஊசி போட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

என்.சி.எஸ். எப்படி என்றால், மணிக்கட்டு வழியாகப் போகிற மீடியன் நரம்பை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் அடிச்சதை எங்கே நன்றாகப் புடைத்திருக்கிறதோ அதன் நடுவில் ஒரு எலக்ட்ரோடு ஒட்டுகிறோம். இன்னொன்று கட்டைவிரல் மூட்டு எலும்பின் மேல். புறங்கையில் எர்த். சதை மேல் ஒட்டிய எலக்ட்ரோடிலிருந்து டேப் வைத்து மணிக்கட்டுக்கு மேல்பக்கமாக 8 செ.மீ. அளந்து பேனாவால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் கரன்ட் கொடுக்கும் ஸ்டிமுலேட்டரை வைத்து 0.2 மில்லிசெகண்ட் நீளமுள்ள துடிப்பு கொடுக்கிறோம். கட்டைவிரல் சுண்டும், திரையில் ஒரு மேடு எழும்பும். துடிப்பு கொடுத்ததிலிருந்து மேடு கிளம்பும் வரை ஆகிற நேரம் லேட்டன்சி. மேட்டின் உயரம் ஆம்ப்ளிட்யூட்.

கரன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகணும். இனி மேடு உயராது என்று தெரிந்த பிறகும் இன்னொரு 20 சதவீதம் கூட்டித்தான் பதிவு எடுக்கணும். வலிக்கிறது என்று ஆள் கையை இழுத்துக்கொண்டதால் பாதியில் நிறுத்தினால், நல்ல நரம்பும் கெட்டுப்போனது போல ரிப்போர்ட்டில் வரும். அளவுக்கு மீறிக் கூட்டினால் பக்கத்தில் சுண்டு விரல் பக்கமாகப் போகிற அல்நார் நரம்பும் சேர்ந்து துடிக்கும். அப்போது மேடு தொடங்குவதற்கு முன் கோடு சற்றுக் கீழே இறங்கி ஏறும், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிறகு அதே நரம்பை முழங்கை மடிப்பில் தொடுகிறோம். மணிக்கட்டில் 3.4 மில்லிசெகண்ட், முழங்கையில் 7.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 4.0. இரண்டு புள்ளிக்கும் இடையே 22 செ.மீ., அதாவது 220 மி.மீ. 220-ஐ 4-ஆல் வகுத்தால் செகண்டுக்கு 55 மீட்டர். ரிப்போர்ட்டில் வேகம் என்று போட்டிருப்பது இதைத்தான். டேப் ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

உணர்வு நரம்புக்கு விரலில் வளைய எலக்ட்ரோடு. இங்கே வருகிற அலை மிகவும் சின்னது, மைக்ரோவோல்ட் கணக்கு. அதனால் பல துடிப்பு கொடுத்துச் சராசரி எடுக்கிறோம். வியர்வை, எண்ணெய், மின்விசிறி, மொபைல் சார்ஜர் எல்லாம் தொந்தரவு செய்வது இந்தக் கட்டத்தில்தான்.

#3 தண்டை பிசியோ

அண்ணா, சூப்பரா சொன்னீங்க. ஆனா ரிப்போர்ட்ல ஒருத்தருக்கு லேட்டன்சி கூடி வருது, இன்னொருத்தருக்கு ஆம்ப்ளிட்யூட் குறைஞ்சு வருது. எக்ஸர்சைஸ் பிளான் பண்ற எங்களுக்கு இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரியணும். நியூரோ டாக்டர் சொல்லுங்களேன்.

#4 ராயபுரம் நியூரோ

அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ரிப்போர்ட் புரிந்த மாதிரி. நரம்பிழைக்கு மேலே மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உள்ளே ஆக்ஸான். உறை கெட்டால் செய்தி தாமதமாகும்: லேட்டன்சி நீளும், வேகம் குறையும். ஆக்ஸான் அழிந்தால் செய்தி கொண்டுபோகிற இழைகளின் எண்ணிக்கை குறைகிறது: மிச்சமிருக்கும் இழைகள் ஏறத்தாழ சரியான வேகத்திலேயே ஓடும், ஆனால் மேட்டின் உயரம் விழுந்துவிடும். உறை வாரங்களில், மாதங்களில் சீராகும். ஆக்ஸான் திரும்ப வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. முழங்கையில் அறுந்த நரம்பு விரல் சதையை எட்ட ஒரு வருடம் கூட ஆகலாம். எவ்வளவு காலம் உடற்பயிற்சி என்று நோயாளி உங்களைக் கேட்டால், நீங்கள் பார்க்க வேண்டியது ஆம்ப்ளிட்யூட் பத்தி.

மேலே டெக்னீஷியன் சொன்ன மீடியன் இயக்க நரம்புக்கு லேட்டன்சி 4.4 மில்லிசெகண்டுக்குள், ஆம்ப்ளிட்யூட் 4 மில்லிவோல்ட்டுக்கு மேல், முன்கையில் வேகம் செகண்டுக்கு 50 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் சரி என்று பெரும்பாலான லேப்கள் வைத்திருக்கின்றன. காலில் வேகம் 40-க்கு மேல் இருந்தால் போதும். கைக்கும் காலுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. வயதும் உயரமும் கணக்கில் வரும். 70 வயதுக்காரருக்குக் கணுக்காலில் சூரல் என்ற உணர்வு நரம்பின் அலை கிடைக்காததை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது.

#5 வண்ணை டெக்னீஷியன்

ஜி.பி. டாக்டர் கேட்ட இரண்டு ரிப்போர்ட் குழப்பத்துக்கு வருகிறேன். முதல் சந்தேகம் கை காலின் சூட்டின் மேல்தான் இருக்கணும். தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் செகண்டுக்கு 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும். லேட்டன்சி ஏறத்தாழ 0.2 மில்லிசெகண்ட் நீளும். கை 32 டிகிரி, கால் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் டெஸ்ட்டைத் தொடங்கக் கூடாது.

சென்னை வெயிலில் கை எப்படிக் குளிரும் என்று கேட்பார்கள். வெளியில் 38 டிகிரி, உள்ளே ஏ.சி. 20-இல் ஓடும். வியர்த்த சட்டையோடு வந்தவர் அந்த அறையில் அரை மணி காத்திருந்தால் விரல்கள் 28-க்கு இறங்கிவிடும். நான்கு டிகிரி குறைவு என்றால் 0.8 மில்லிசெகண்ட். 3.8 என்று சுத்தமாக வரவேண்டிய லேட்டன்சி 4.6 ஆகிவிடுகிறது. முடிவில் மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்று அச்சடித்து வரும், அவரும் ஆபரேஷன் பயத்தோடு வீட்டுக்குப் போவார். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தால் போதும்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன். குளிர்ந்த நரம்பில் வேகம் குறையும், ஆனால் உணர்வு அலையின் உயரம் கூடும். எல்லா நரம்பும் ஒரே மாதிரி மெதுவாக இருந்து, உயரம் மட்டும் அழகாக இருந்தால், டெம்பரேச்சர் எவ்வளவு என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலும் காலியாகத்தான் விடுவார்கள்.

அடுத்தது ஸ்டிமுலேட்டரைத் திருப்பிப் பிடிப்பது. அதன் எதிர்மின் முனையான கேத்தோடு, எலக்ட்ரோடு இருக்கும் பக்கம் பார்க்கணும். மாற்றிப் பிடித்தால் 0.3, 0.4 மில்லிசெகண்ட் சும்மாவே கூடிவிடும். மூன்றாவது முழங்கையில் அல்நார் நரம்பு. இதைக் கையை நீட்டி வைத்து எடுத்தால் தப்பு. முழங்கையை 70 முதல் 90 டிகிரி மடக்கி, வளைவோடு டேப்பைப் படிய வைத்து 10 செ.மீ. அளக்கணும். நேரம் 2.0 மில்லிசெகண்ட் என்றால் வேகம் 50. டேப் 1 செ.மீ. வழுக்கி 9 என்று பதிவானால் அதே நரம்பு 45 ஆகிவிடும். 1 செ.மீ. பிழையில் ஒருவருக்கு நோயே வந்துவிடுகிறது.

#6 கொடுங்கையூர் ஜி.பி.

தயாராக வரச் சொல்லி அனுப்ப வேண்டியது என்ன? பலர் வெறும் வயிற்றில் வரணுமா என்று கேட்கிறார்கள்.

#7 வண்ணை டெக்னீஷியன்

சாப்பிட்டுவிட்டே வரலாம். குளித்துவிட்டு, கை காலில் தேங்காய் எண்ணெயும் வலித்தைலமும் தடவாமல் வரணும். தைலம் தடவின தோலில் எலக்ட்ரோடு வழுக்கும், ஆல்கஹால் பஞ்சில் நாலு தரம் துடைத்தாலும் அலை சுத்தமாக வராது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி கழற்ற வேண்டியிருக்கும். மெட்டியைக் கழற்ற மனசில்லாதவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், டேபிளில் படுக்க வைத்துவிட்டுச் சொன்னால் சங்கடப்படுவார்கள். முழங்கைக்கு மேலும் முழங்காலுக்கு மேலும் ஏறுகிற மாதிரி லூசான உடை. பேஸ்மேக்கர் இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால், மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கியிருந்தால் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். வார்ஃபரினைத் தாமாக நிறுத்திவிட்டு வரவே கூடாது. ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் சமீபத்திய ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டைக் கொண்டு வந்தால் எந்தத் தசையில் ஊசி போடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று டாக்டர் முடிவு செய்வார்.

#8 தண்டை பிசியோ

எம்.சி. ரோடு சுத்தி எவ்ளோ தையல் மெஷின் ஓடுது, காசிமேட்டுல எவ்ளோ பேர் வலை பின்னுறாங்க, எறா உரிக்கிறாங்க. ராத்திரி மூணு மணிக்குக் கை மரத்துப் போய் முழிப்பு வந்து, கையை உதறினா சரியாப் போச்சுன்னு சொன்னா அது மணிக்கட்டு நரம்பு அழுத்தம்தான், கார்பல் டனல். கட்டை விரல்லேர்ந்து மோதிர விரல் பாதி வரைக்கும் மரத்துப்போகும், சுண்டு விரல் தப்பிச்சிடும். இதுக்கு எதுக்கு டெஸ்ட்? தினக்கூலியில ஒரு நாள் சம்பளமும் போயி, டெஸ்ட்டுக்கும் காசு கட்டணுமா? மணிக்கட்டு நேரா நிக்கிற மாதிரி ராத்திரியில ஸ்பிளின்ட் போட்டு ஆறு வாரம் பார்க்கலாமே.

#9 ராயபுரம் நியூரோ

அறிகுறி இவ்வளவு தெளிவாக இருந்து, கட்டைவிரல் அடிச்சதை வற்றாமல், விரலில் பலம் குறையாமல் இருந்தால் உங்களோடு முழுக்க ஒத்துப் போகிறேன். முதலில் ஸ்பிளின்ட். அங்கே டெஸ்ட் ஒன்றும் புதிதாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் மூன்று சந்தர்ப்பங்களில் தள்ளிப்போடாதீர்கள்: அடிச்சதை குழி விழத் தொடங்கினால், மரப்பு ராத்திரியோடு நிற்காமல் பகலெல்லாம் இருந்தால், ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு வந்தால். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எண்கள் இல்லாவிட்டால், பிறகு சரியாகவில்லை என்று அவர் வரும்போது ஒப்பிட எதுவும் இருக்காது.

படிப்பதற்கு ஒரு உதாரணம், பாடத்துக்காக எழுதிய எண்கள். வலது மீடியன் இயக்க லேட்டன்சி 4.2, ஆம்ப்ளிட்யூட் 9, விரல் உணர்வு அலை எல்லைக்குள். முடிவு நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் அவர் சொல்வது சாட்சாத் கார்பல் டனல். இங்கே எடுத்திருக்க வேண்டியது ஒப்பீட்டுச் சோதனை. உள்ளங்கையில் மீடியன், அல்நார் இரண்டையும் அதே 8 செ.மீ. தூரத்தில் வைத்து மணிக்கட்டில் பதிவு செய்தால், வித்தியாசம் 0.4 மில்லிசெகண்டைத் தொட்டாலே அழுத்தம் இருக்கிறது. மோதிர விரலுக்கு இரண்டு நரம்பும் போவதால் அதில் 14 செ.மீ. தூரத்தில் இரண்டையும் ஒப்பிடலாம், 0.5 வந்தால் அசாதாரணம். ஒரே கை, ஒரே சூடு, ஒரே வயது. அதனால் ஒப்பீட்டுக்குக் குளிர்ந்த அறையாலும் பெரிய கேடு வராது. இதையும் செய்து நார்மலாக வந்தாலும், அறிகுறி தெளிவாக இருந்தால் ஆரம்ப நிலை என்று கருதிச் சிகிச்சை கொடுக்கலாம். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கழுத்திலிருந்து வருகிற மரப்போடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்களும் அதிகம். கழுத்து எலும்பு இடுக்கில் நரம்பு வேர் நசுங்கும் இடம், உணர்வு நரம்பின் செல் முடிச்சுக்கு உள்பக்கம், தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. செல்லும் அதிலிருந்து விரலுக்குப் போகிற இழையும் உயிரோடு இருப்பதால், விரல் மரத்திருந்தாலும் உணர்வு அலை கச்சிதமாக வரும். மரத்த விரலில் நார்மல் அலை வந்தால் கழுத்தைத் தேடுங்கள். கழுத்தா இல்லையா என்று உறுதி செய்ய ஊசி வேண்டும், என்.சி.எஸ். மட்டும் போதாது.

#10 திருவொற்றியூர் சிஸ்டர்

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்க்கிற வேலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ராத்திரி போர்வை பட்டாலே எரிகிறது என்று அழுகிறார்கள். என்.சி.எஸ். நார்மல் என்று வருகிறது. உடனே வீட்டில் இருப்பவர்கள் "ஒண்ணுமில்லன்னு டெஸ்ட்லயே வந்துடுச்சு, நீதான் மனச போட்டு அலட்டிக்கிற" என்கிறார்கள். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. இதை யாராவது தெளிவாக எழுதுங்கள், நான் பிரின்ட் எடுத்து வார்டில் ஒட்டுகிறேன்.

#11 ராயபுரம் நியூரோ

தாராளமாக ஒட்டுங்கள் சிஸ்டர்.

என்.சி.எஸ். பதிவு செய்வது தடித்த, மயலின் உறையுள்ள, செகண்டுக்கு 40, 50 மீட்டர் ஓடுகிற இழைகளை மட்டும்தான். எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகிற சி வகை இழைகள் உறையே இல்லாதவை, செகண்டுக்கு 2 மீட்டர் கூட ஓடாதவை. அவற்றின் குரல் இந்த மெஷினில் விழவே விழாது. சர்க்கரை முதலில் கடிப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன இழைகளைத்தான். ஆகவே பாத எரிச்சலும் நார்மல் என்.சி.எஸ்.ஸும் ஒன்றாக வருவதில் எந்த முரணும் இல்லை. நோயாளி சொல்வது உண்மை. குண்டூசி முனையின் கூர்மை தெரிகிறதா, குளிர்ந்த உலோகத்தின் குளிர்ச்சி தெரிகிறதா என்று பெருவிரலிலிருந்து மேலே போய்ப் பாருங்கள். எந்த உயரத்தில் உணர்வு திரும்புகிறது என்று குறித்து வையுங்கள். அதற்கு மேலும் உறுதி தேவைப்பட்டால் கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. தோல் எடுத்து நரம்பிழைகளை எண்ணிப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

"செருப்பு கழண்டது தெரியவில்லை" என்பது வேறு. அங்கே தடித்த இழைகளும் போய்விட்டன. அவருக்கு சூரல் அலை சிறுத்தோ இல்லாமலோ வரும், 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை அழுத்துவது தெரியாது. காலில் ஆணி குத்தினாலும் உணராதவர் அவர்தான். இருவரில் பாதுகாப்பு அதிகம் தேவை இவருக்கு.

எல்லாவற்றையும் சர்க்கரை தலையில் கட்டிவிடவும் வேண்டாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும். தைராய்டு, மது, சில காசநோய் மாத்திரைகள் எல்லாம் இதே எரிச்சலைக் கொடுக்கும். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுகிறவருக்கு பி6 கூடவே கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

#12 கொடுங்கையூர் ஜி.பி.

தொழுநோயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஒழிந்தேபோயிற்று என்று நினைத்து விட்டுவிடுகிறோம். ஒரு கை சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்து, முழங்கைக்குப் பின்னால் தொட்டால் கயிறு போல நரம்பு தடித்திருந்தால், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தொடை, புட்டம் வரை உணர்வற்ற வெளிறிய படை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்.சி.எஸ்.ஸில் அல்நார் நரம்பு முழங்கைக்கு மேலேயும் மெதுவாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நரம்பு பலம் இழந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் கை மடங்கிப் போகாமல் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பெயரைச் சொல்ல வெட்கப்பட்டுக் காலத்தை இழக்கக் கூடாத நோய் இது.

#13 பெரம்பூர் சேஃப்டி

பட்டறைப் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. தொழிலாளிக்குக் கையில் தகடு கிழித்துவிடுகிறது, அல்லது குத்துக்காலிட்டே வெல்டிங் செய்து எழுந்ததும் பாதம் தொங்கிப் போகிறது. இழப்பீட்டுக் காகிதத்துக்காக மறுநாளே நரம்பு டெஸ்ட் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். நார்மல் என்று வந்தால் தொழிலாளி நடிக்கிறார் என்று எழுதிவிடுகிறார்கள். மறுநாள் எடுப்பது சரியா?

#14 ராயபுரம் நியூரோ

மறுநாள் எடுப்பதை மட்டும் வைத்து யாரையும் நடிக்கிறார் என்று எழுதுவது பெரிய அநியாயம். நரம்பு முழுதாக அறுந்திருந்தாலும், அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள துண்டு சில நாட்கள் உயிரோடு மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். இயக்க அலை முழுதும் விழ ஒரு வாரம் வரை ஆகும், உணர்வு அலை விழப் பத்துப் பதினோரு நாள். ஊசியில் தசையின் சேதம் தெரிய இரண்டு முதல் மூன்று வாரம். ஆகவே முழு விவரம் வேண்டுமென்றால் மூன்று வாரம் கழித்து எடுக்க வேண்டும். ஆழமான கிழிசலில் அறுவை சிகிச்சையை இதற்காகக் காக்க வைக்கக் கூடாது, அது வேறு விஷயம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது, அங்கே அன்றைக்கே காட்டட்டும்.

மறுநாளே எடுப்பதில் ஒரு பயன் உண்டு. அடிபட்ட இடத்துக்கு மேலேயும் கீழேயும் தூண்டிப் பார்க்கலாம். கீழே தூண்டினால் நல்ல மேடு, மேலே தூண்டினால் ஒன்றுமில்லை என்றால் நடுவில் தடை இருக்கிறது. ஆனால் அது வெறும் அழுத்தமா, அறுந்ததா என்று அன்றைக்குச் சொல்ல முடியாது.

தொங்கு பாதத்துக்கு வருகிறேன். முழங்காலுக்கு வெளிப்பக்கம், ஃபிபுலா எலும்பின் தலையைச் சுற்றி பெரோனியல் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. நெடுநேரம் குத்துக்காலிட்டாலும், காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தாலும், இறுக்கமாக மாவுக்கட்டு போட்டாலும் அங்கேதான் நசுங்கும். இதே தொங்கு பாதம் இடுப்பில் எல்5 என்ற ஐந்தாவது நரம்பு வேர் நசுங்கினாலும் வரும். இரண்டையும் பிரிப்பது ஊசிதான். பாதத்தை உள்பக்கம் திருப்புகிற டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைக்கு எல்5 வேரிலிருந்து செய்தி வருகிறது, ஆனால் பெரோனியல் வழியாக இல்லை. அதில் சேதம் இருந்தால் இடுப்பு அல்லது அங்கிருந்து காலுக்கு இறங்குகிற சயாடிக் நரம்பைப் பார்க்கணும். அது சுத்தமாக இருந்து முன்காலில் மட்டும் சேதம் என்றால் முழங்கால். டெக்னீஷியன் நண்பரிடம் ஒரு வேண்டுகோள்: பாதத்தின் மேல் உள்ள சின்னத் தசையில் மட்டும் பதிவு எடுத்து நிறுத்திவிடாதீர்கள். செருப்பு வார் உரசி அந்தத் தசை பலருக்கு வற்றிப் போயிருக்கும். முன்கால் தசையிலும் எடுங்கள்.

#15 வண்ணை டெக்னீஷியன்

கட்டாயம் டாக்டர். பொதுவாக எல்லோருக்கும் ஊசியைப் பற்றி இருக்கிற பயத்துக்கு ஒரு வார்த்தை. உள்ளே மருந்து எதுவும் போவதில்லை. ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லியது, ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பைப் பெட்டி. டாக்டர் ஊசியைத் தசையில் விட்டு முதலில் "தளர்த்துங்க" என்பார். ஆரோக்கியமான தசை ஓய்வில் அமைதியாக இருக்கும், ஸ்பீக்கரில் சத்தமே வராது. நரம்பு விட்டுப்போன தசை தானாகத் துடிக்கும்: தகரக் கொட்டகை மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரே சீராகச் சொட்டுச் சொட்டாகக் கேட்கும். அதுதான் ஃபிப்ரிலேஷன். அடுத்து "லேசா மடக்குங்க", பிறகு "பலமா மடக்குங்க". அப்போது வருகிற அலைகளின் உயரம், அகலம், எத்தனை இழை சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்ப்பார்.

இரண்டு எச்சரிக்கை. தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை வேண்டுமென்றால் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள், குத்தின தசையிலிருந்து சி.கே. கொஞ்சம் ஏறலாம். தசைத் துண்டு எடுத்துப் பார்க்கும் யோசனை இருந்தால் ஊசியை ஒரு பக்கம் போட்டு, துண்டை மறுபக்கம் எடுக்கணும். குத்தின இடத்தில் இருக்கிற வீக்கம் நோய் போலவே மைக்ராஸ்கோப்பில் தெரியும்.

#16 தண்டை பிசியோ

தொடை பலவீனம், தரையில உக்காந்தா எழ முடியலன்னு வர்றவங்களுக்கு எந்த டெஸ்ட் முதல்ல?

#17 ராயபுரம் நியூரோ

உடனே மெஷினுக்கு அனுப்ப வேண்டாம், எவ்வளவு வேகமாக வந்தது என்று கேளுங்கள்.

காலையில் எழுந்ததும் கை கால் அசையவில்லை, முந்தின ராத்திரி வயிறு முட்ட பிரியாணியோ பரோட்டாவோ சாப்பிட்டார், இளைஞர் என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம், அன்றைக்கே அதையும் ஈ.சி.ஜி.யையும் பாருங்கள். பிறகு தைராய்டு. நரம்பு டெஸ்ட்டுக்கு அலைய விட்டால் நேரம் வீண்.

நாலைந்து நாளில் பாதத்திலிருந்து பலவீனம் ஏறி வந்தால், முன்பு ஜுரமோ பேதியோ இருந்திருந்தால் குல்லன் பாரே, உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குகிற நோய். நேராக அட்மிஷன், மூச்சின் கொள்ளளவை அளக்கணும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் ஐ.சி.யூ. முதல் வாரத்தில் என்.சி.எஸ். ஏறக்குறைய நார்மலாகவே வரலாம். தண்டுவடம் வரை போய்த் திரும்புகிற எஃப் அலையும் ஹெச் ரிஃப்ளெக்ஸும் காணாமல் போவதுதான் ஆரம்ப அடையாளம். கையில் உணர்வு அலை கெட்டுக் கணுக்காலில் சூரல் நன்றாக இருப்பது இன்னொன்று. நார்மல் என்று ஒரு காகிதம் வந்ததால் சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள், ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி எடுக்கலாம்.

மாலையானால் இமை தொங்குகிறது, மென்று மென்று தாடை ஓய்ந்துபோகிறது என்றால் மயஸ்தீனியா, நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தில் வருகிற நோய். அதற்குச் சாதாரண என்.சி.எஸ். உதவாது, சீட்டில் "ஆர்.என்.எஸ்.", அதாவது தொடர் தூண்டல் சோதனை, என்று எழுதணும். செகண்டுக்கு 3 துடிப்பு வீதம் தொடர்ந்து கொடுத்து, முதல் மேட்டையும் நான்காவது மேட்டையும் ஒப்பிடுவார்கள். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அசாதாரணம். இந்த நோய்க்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரை சாப்பிடுகிறவர், டாக்டர் அனுமதித்தால் மட்டும், 12 மணி நேரம் முன் நிறுத்திவிட்டு வரணும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தால் நிறுத்தவே கூடாது. இங்கேயும் குளிர்ந்த கை ஏமாற்றும், இறக்கம் மறைந்துவிடும்.

மாதக்கணக்கில் மெல்ல வந்த தொடை பலவீனத்துக்கு சி.கே., தைராய்டு, வைட்டமின் டி, சாப்பிடுகிற மருந்துப் பட்டியல். பிறகு இ.எம்.ஜி. ஒன்றைக் கவனியுங்கள்: நீண்ட நாள் ஸ்டீராய்டால் வந்த தசை பலவீனத்தில் சி.கே.யும் இ.எம்.ஜி.யும் இரண்டுமே நார்மலாக இருக்கலாம். ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் யாரோ எழுதிய மாத்திரையைக் கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், விடை அதில் இருக்கும்.

#18 தண்டை பிசியோ

இன்னொண்ணு டாக்டர். இருபது வயசுப் பையன், வலியே இல்ல, மரப்பும் இல்ல, ஒரு கை மட்டும் மெலிஞ்சுகிட்டே வருது. கூகுள்ல பாத்துட்டு, தசையை இயக்குற நரம்பு செல்லே அழிஞ்சுபோற மோட்டார் நியூரான் நோய்னு வீடே அழுதுட்டு இருக்கும்.

#19 ராயபுரம் நியூரோ

அந்த வயதில் ஒரு கை மட்டும் என்றால் முதலில் ஹிராயமா நோயை, அதாவது கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் நசுங்குவதால் கை மெலிகிற நோயை, நினைக்க வேண்டும். கழுத்தைக் குனிய வைத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ. தேவை, நேராகப் படுக்க வைத்து எடுத்தால் தப்பிவிடும். சில வருடம் கூடி, பிறகு பெரும்பாலும் தானாக நின்றுவிடும் நோய் அது. இன்னொன்று நம் ஊர்ப் பெயரையே தாங்கியிருக்கிறது: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவர் இங்கே இளைஞர்களிடம் கண்டு எழுதினார்கள். கை கால் மெலிவோடு காது கேளாமையும் முகம், நாக்குத் தசை பலவீனமும் சேரும், ஆனால் வேகம் மிக மெதுவு. எனவே இப்படி வருகிற பிள்ளைக்குக் காது டெஸ்ட்டும் எழுதுங்கள். என்.சி.எஸ்.ஸில் உணர்வு அலைகள் எல்லாம் சரியாக இருக்கும். இ.எம்.ஜி.யை மெலிந்த கையில் மட்டும் போடாமல் மறு கை, கால், நாக்கு அல்லது தாடை, முதுகு வரை பார்க்கச் சொல்லணும். சேதம் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதுதான் இந்தக் குடும்பத்துக்குத் தேவையான பதில்.

#20 திருவொற்றியூர் சிஸ்டர்

சீட்டில் எழுத ஒரு மாதிரி கொடுங்கள் அண்ணா. "நரம்பு டெஸ்ட்" என்ற ஒற்றை வரியை மாற்றணும்.

#21 வண்ணை டெக்னீஷியன்

இந்த அளவு இருந்தால் போதும் சிஸ்டர்:

"வயது 42, தையல் வேலை. வலது கை முதல் மூன்று விரல் மரப்பு, நான்கு மாதம், இரவில் அதிகம். அடிச்சதை மெலிவு லேசாக. சர்க்கரை உண்டு. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இல்லை, பேஸ்மேக்கர் இல்லை. கேள்வி: மணிக்கட்டா, கழுத்தா? இரண்டு கைக்கும் என்.சி.எஸ்., உள்ளங்கை ஒப்பீடு, தேவைப்பட்டால் ஊசி."

எந்தக் கை, எத்தனை நாள், என்ன கேள்வி, இந்த மூன்றும் இருந்தால்தான் எந்த நரம்பைத் தேடுவது என்று எடுப்பவருக்குத் தெரியும். பழைய ரிப்போர்ட் இருந்தால் கடைசிப் பக்கம் மட்டும் வேண்டாம், அலை வரைபடத்தோடு எல்லாப் பக்கமும் கொடுத்து அனுப்புங்கள்.